உடுவில் முற்றத்தில் அறிந்த வைத்தியர் கிறீன்

சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்துப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த மாதங்களில் உம்மா என்னை யாழ்ப்பாணத்துக்கு அழைத்துச் சென்றார். உம்மா பிறந்து வளர்ந்தது சோனகத் தெருவில். 1990 ஒக்ரோபர் மாத இறுதியில் வடக்கிலிருந்த முஸ்லிம்கள் அனைவரும் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தபோது அவருக்கு 14 வயது. உடுத்த உடுப்போடு புத்தளம் வந்து சேர்ந்த குடும்பத்தில் அவருடைய படிப்பு அத்தோடு நின்றது. ஆனால் அதுவரை படித்த விஞ்ஞானப் பாடம் மட்டும் அவர் மனத்தில் அப்படியே இருக்கிறது. தரம் 10இல் நான் மனனம் செய்யத் திணறிய அங்கிகளின் சிறப்பியல்புகளை, உம்மா ரொட்டி சுட்டுக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொல்லுவார். போசணை, சுவாசம், உறுத்துணர்ச்சி, கழித்தல், அசைவு, வளர்ச்சி, இனப்பெருக்கம். ஒன்றுகூடத் தவறாது.

அந்தப் பாடத்தை உம்மாவுக்குப் படிப்பித்த ரீச்சர் இப்போது ஓய்வுபெற்று உடுவிலில் இருக்கிறார். அவர் வீட்டில்தான் மூன்று நாள் தங்கினோம். செம்மண் முற்றம். கிளுவை வேலி. வேலியோரம் இரண்டு பனை, கிணற்றடியில் ஒரு தென்னை, வாசலில் வேம்பு. நாங்கள் போனது பனம்பழம் விழும் காலம்.

அந்த நாட்களில் எனக்கு ஒரு குழப்பம் இருந்தது. உயர்தரத்தில் உயிரியல் பிரிவு என்பது முடிவான விடயம். எந்த மொழியில் என்பதுதான் முடிவாகவில்லை. மருத்துவ பீடத்தில் படிக்கும் மாமாவின் மகள், தமிழில் படித்துவிட்டுப் போய்த் தான் முதல் வருடம் பட்ட பாட்டைச் சொல்லியிருந்தாள். தமிழில் படித்த சொற்கள் எல்லாம் அங்கே ஒன்றுக்கும் உதவவில்லையாம். ஆகவே ஆங்கில மொழியில் படிக்க என்னைக் கொழும்பில் ஒரு விடுதியில் சேர்ப்பது பற்றி வாப்பா விசாரித்துக்கொண்டிருந்தார். உம்மா இதில் எதுவும் சொல்லவில்லை. யாழ்ப்பாணம் போகும் வழியில் பேருந்தில்தான், ரீச்சரிடம் ஒருமுறை கேட்டுப் பார்ப்போமே என்றார்.

ரீச்சர் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலையில் விறாந்தையில் ஒரு மேசை போட்டு, அதன்மேல் ஒரு பனங்கொட்டையையும் கிணற்றடியில் கிடந்த ஒரு சுண்ணாம்புக்கல்லையும் வைத்தார். இரண்டில் உயிருள்ளது எது என்று கேட்டார். நான் பனங்கொட்டை என்றேன். அது அசையவில்லை, உண்ணவில்லை, தொட்டால் துலங்கவில்லை, பிறகு எப்படி என்று கேட்டார். உள்ளே முளையம் இருக்கிறது, அது மிக மெதுவாகச் சுவாசிக்கிறது, மண்ணில் புதைத்தால் கிழங்கு விடும் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். பிறகு முற்றத்திலுள்ளவற்றை வகைப்படுத்தச் சொன்னார். பனையும் தென்னையும் ஒரே குடும்பம், சாதி வேறு. வேம்பு இருவித்திலையி. ஆடு முலையூட்டி, கோழி பறவை, ஆனால் இரண்டுக்கும் முள்ளந்தண்டு உண்டு. தரம் 10 முதலாம் தவணையில் இராச்சியம், கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம் என்ற வரிசையைக் குழப்பி 38 புள்ளி வாங்கியவள் நான். அன்று உடுவில் முற்றத்தில், மரத்தையும் ஆட்டையும் கண்ணால் பார்த்துக்கொண்டு சொன்னபோது வரிசை தானாக வந்தது.

இந்தப் பாகுபாட்டு முறைக்கு அடித்தளமிட்ட சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசை நாம் எல்லோரும் பாடநூலில் சந்தித்திருக்கிறோம். பனைக்கும் தென்னைக்கும் இருசொற்பெயர் சூட்டியவர் அவரே. அதைவிட நமக்கு நெருக்கமான செய்தி ஒன்றை ரீச்சர் சொன்னார். இலங்கைத் தாவரங்களைப் பற்றி மட்டும் லின்னேயஸ் தனியாக ஒரு நூல் எழுதியிருக்கிறார். அது 1747இல் வெளிவந்தது. அவர் இந்தத் தீவைக் கண்ணால் கண்டதில்லை. போல் ஹேர்மன் என்ற வைத்தியர் இங்கே சேகரித்து உலர்த்திக் கொண்டுபோன செடிகளைப் பார்த்தே எழுதினார். நூலின் மொழி இலத்தீன். நம் வேலிச் செடிகள் ஐரோப்பிய அறிஞர்களுக்கு இலத்தீனில் அறிமுகமாயின. அந்த அறிவு தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழில் கிடைக்க இன்னும் ஒரு நூற்றாண்டு ஆயிற்று. சரியாக நூறு வருடம் கழித்து, 1847இல், அதைச் செய்யப்போகிற ஒருவர் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கினார். அவர் வாழ்ந்த இடம் இந்த உடுவிலுக்கு அடுத்தாற்போல் உள்ள மானிப்பாய்.

அவர் பெயர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அந்த மூன்று நாட்களில் ரீச்சரிடம் கேட்டதும், பிறகு நானாகத் தேடிப் படித்ததுமே இந்தக் கட்டுரை.

கிறீன் 1822 ஒக்ரோபர் 10ஆம் திகதி அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில், வூஸ்ரர் என்னும் ஊரில், கிறீன் ஹில் என்ற குடும்பப் பண்ணையில் பிறந்தார். பதினொரு பிள்ளைகள் கொண்ட பெரிய குடும்பம். சிறு வயதிலேயே தாயை இழந்தார். அவருடைய அண்ணன் அன்ட்ரூ பின்னாளில் நியூயோர்க் நகரின் மத்திய பூங்காவை உருவாக்குவதில் முன்னின்று, அந்நகரத்தின் தந்தை எனப் போற்றப்பட்டவர். தம்பி சாமுவேலோ நியூயோர்க்கிலேயே மருத்துவம் படித்து 1845இல் பட்டம் பெற்றார். அங்கேயே இருந்திருந்தால் வசதியாக வாழ்ந்திருக்கலாம். அவர் அமெரிக்க மிசனில் சேர்ந்து தூர தேசம் போகத் தீர்மானித்தார்.

அவர் ஒரு மிசனரி என்பதை மறைத்துச் சொன்னால் வரலாறு முழுமையாகாது. மக்களைத் தம் சமயத்துக்கு அழைப்பதுதான் அவரை அனுப்பிய சபையின் நோக்கம். அவருடைய நோக்கமும் அதுவே. இன்று அவரை நினைக்கும் பலரும் அந்த நோக்கத்துக்காக நினைப்பதில்லை. அந்த வேலையோடு சேர்த்து அவர் செய்த மற்றொரு வேலைக்காகவே நினைக்கிறார்கள்.

அமெரிக்க மிசன் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1816இல். உடுவில் அதன் முக்கியமான நிலையங்களில் ஒன்று. 1824இல் அங்கே தொடங்கப்பட்ட பெண்கள் விடுதிப் பாடசாலை இன்று உடுவில் மகளிர் கல்லூரியாக இருக்கிறது. ஆசியாவின் மிகப் பழைய பெண்கள் விடுதிப் பாடசாலைகளில் ஒன்று அது. கிறீனுக்கு முன்னரே ஸ்கடர், வார்ட் என்ற அமெரிக்க வைத்தியர்கள் இருவர் யாழ்ப்பாணத்தில் பணி செய்திருந்தார்கள். அவர்கள் இடத்துக்குத்தான் கிறீன் வந்தார். 1847 ஏப்பிரலில் பொஸ்ரனில் கப்பலேறி, மதராசுக்கு வந்து, ஒக்ரோபர் 6ஆம் திகதி யாழ்ப்பாணம் சேர்ந்தார். அன்று அவருக்கு 25 வயது நிறைய இன்னும் நான்கு நாள் இருந்தது.

முதலில் வட்டுக்கோட்டையில் இருந்தார். 1848இல் மானிப்பாய்க்கு மாறி வைத்தியசாலை தொடங்கினார். நோயாளர் வரத் தொடங்கினர். வாந்திபேதி போன்ற கொள்ளை நோய்கள் அடிக்கடி வந்துபோன காலம் அது. அவர் செய்ய வேண்டியிருந்த முதல் வேலை தமிழைப் படிப்பது. எந்த இடத்தில் நோகிறது, எப்போதிருந்து நோகிறது என்று கேட்கத் தெரியாத வைத்தியரால் யாருக்கு என்ன பயன்? ஆகவே எழுத்தைக் கற்றார், பேச்சைக் கற்றார், பிறகு நூற்றமிழையும் கற்றார்.

ஒரு வைத்தியர் ஒரு குடாநாட்டுக்குப் போதாது என்பது அவருக்கு விரைவிலேயே விளங்கியது. வந்த மறுவருடமே சில மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு மருத்துவம் படிப்பிக்கத் தொடங்கினார். படிப்பித்த மொழி ஆங்கிலம். அந்த மாணவர்கள் நன்றாகப் படித்தார்கள், நல்ல வைத்தியர்களானார்கள். ஆனால் ஆங்கிலத்தில் தேறியவர்களுக்கு அரசாங்கத்தில் நல்ல சம்பளத்தோடு வேலை கிடைத்தது. அவர்கள் வேறு இடங்களுக்குப் போய்விட்டார்கள். கிராமம் முன்பு இருந்தது போலவே இருந்தது.

இந்த இடத்தில் நான் ரீச்சரை நிமிர்ந்து பார்த்தேன். 170 வருடத்துக்கு முந்திய கதை, எங்கள் வீட்டில் நடந்துகொண்டிருந்த பேச்சுப் போலவே இருந்தது.

கிறீன் வேறு மாதிரி யோசித்தார். தமிழில் படிக்கும் வைத்தியன் தன் ஊரிலேயே இருப்பான். அவன் அறிந்ததை அவனுடைய அயலவரும் விளங்கிக்கொள்வார்கள். மருத்துவ அறிவு அந்த மண்ணிலேயே வேர்விடும். மாணவர்கள் தம் உடையையும் உணவையும் விட்டு ஐரோப்பியரைப் போல மாறுவதைக்கூட அவர் விரும்பவில்லை. அமெரிக்க வைத்தியத்தைத் தமிழருக்குக் கொடுக்க வேண்டும், தமிழரை அமெரிக்கராக்கத் தேவையில்லை என்பது அவருடைய எண்ணம். ஆனால் தமிழில் படிப்பிப்பதற்கு ஒரு பெரிய தடை இருந்தது. நூல்கள் இல்லை.

நம் முன்னோரிடம் சித்த வைத்தியமும் யூனானி வைத்தியமும் இருந்தன. மூலிகை பற்றியும் நாடி பற்றியும் நிறைய நூல்கள் இருந்தன. ஆனால் உடலை அறுத்துப் பார்த்து, எலும்பு எலும்பாக, நரம்பு நரம்பாகப் பெயரிட்டு எழுதிய மேற்கத்தைய முறையான மருத்துவ நூல் தமிழில் இல்லை. அதை யாரும் எழுதித் தருவார்கள் என்று கிறீன் காத்திருக்கவில்லை.

முதலில் அவர் தேர்ந்தெடுத்தது அமெரிக்கப் பாடசாலைகளில் அக்காலத்தில் வழங்கிய ஒரு பாடநூல். எழுதியவர் கல்வின் கட்டர். கட்டரின் ஆங்கில நூலின் தொடக்கத்தைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. உலகிலுள்ள பொருள்களை அது முதலில் இரண்டாகப் பிரிக்கிறது. அங்கங்கள் உள்ளவை ஒரு வகை. அவற்றில் விலங்கும் தாவரமும் அடங்கும். அங்கங்கள் அற்றவை இன்னொரு வகை. மண்ணும் உலோகமும் அதில் அடங்கும். பிறகு இந்த இரண்டும் எவ்வெவ்விதத்தில் வேறுபடுகின்றன என்று சொல்கிறது. நம்முடைய தரம் 10 உயிரியலில் வரும் பாடமும் அதுதானே! பனங்கொட்டையையும் சுண்ணாம்புக்கல்லையும் மேசையில் வைத்து ரீச்சர் கேட்ட கேள்வியும் அதுதான். உயிருள்ளதற்கு நம் பாடநூல் தரும் பெயர் அங்கி. அங்கம் உடையது அங்கி. அந்தச் சொல்லை நூறு தடவை எழுதியும் அதன் பொருளை நான் யோசித்ததில்லை. அன்றுதான் யோசித்தேன்.

கட்டரின் நூலை 1852இல் கிறீன் தமிழாக்கினார். உடலின் அமைப்பு, உடலின் தொழில், உடலைப் பேணும் முறை என்ற மூன்றும் அதில் அடங்கும். அவற்றுக்கு அவர் வழங்கிய பெயர்கள் அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம். அந்நூல் 1857இல் அச்சில் வந்தது. அதே ஆண்டில் பிரசவ வைத்தியம் என்ற நூலும் வந்தது. பிள்ளைப்பேற்றில் தாய்மார் இறப்பது சாதாரணமாயிருந்த நாளில் தமிழில் அப்படி ஒரு நூல் வந்தது எவ்வளவு பெரிய காரியம் என்று நாம் எண்ணிப் பார்க்கலாம். ஆனால் ஒன்றையும் சொல்லவேண்டும். கிறீனிடம் மருத்துவம் படித்தவர்கள் ஆண்கள். பக்கத்திலே உடுவிலில் பெண்பிள்ளைகள் எழுதவும் வாசிக்கவும் கற்றுக்கொண்டிருந்த அதே காலத்தில், மருத்துவ வகுப்பின் கதவு அவர்களுக்குத் திறக்கவில்லை. பெண்களுக்கென்று ஒரு மருத்துவமனை இணுவிலில் எழுந்தது 1898இல்தான்.

பத்து வருட உழைப்பு கிறீனின் உடலைத் தளர்த்தியது. 1857ஆம் ஆண்டளவில் அமெரிக்காவுக்குத் திரும்பினார். அங்கே ஓய்வெடுத்து, 1862இல் மார்கரெட் வில்லியம்ஸ் என்ற பெண்ணை மணந்து, அதே ஆண்டில் மனைவியோடு மீண்டும் மானிப்பாய்க்கு வந்தார். இந்த இரண்டாவது வருகையில்தான் அவர் தம் எண்ணத்தை முழுமையாகச் செயலாக்கினார். 1864 முதல் மருத்துவ வகுப்பு தமிழிலேயே நடந்தது.

வகுப்பு நடக்க நடக்க நூல்களும் வளர்ந்தன. சத்திரசிகிச்சை பற்றிய இரணவைத்தியம் 1867இல் வந்தது. இன்றும் உலகமெங்கும் மருத்துவ மாணவர்கள் படிக்கும் கிறேயின் உடற்கூற்று நூல் மனுஷ அங்காதிபாதம் என்ற பெயரில் 1872இல் தமிழில் வந்தது. அதே ஆண்டில் வைத்தியாகரம் வந்தது. இரசாயன நூலான கெமிஸ்தம் 1875இல் வந்தது. டோல்ற்றனின் உடற்றொழில் நூல் மனுஷ சுகரணம் என 1883இல் வந்தது. எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 4,500 பக்கங்கள்.

இவற்றைக் கிறீன் தனியாகச் செய்யவில்லை. அவருடைய மாணவர்கள் மொழிபெயர்த்தார்கள், அவர் திருத்தினார். டான்வர்த், சப்மன் என்ற பெயர்களைக் கண்டபோது இவர்களும் அமெரிக்கர்களாக்கும் என்று எண்ணினேன். ரீச்சர் சிரித்தார். அவர்கள் யாழ்ப்பாணத் தமிழர்கள். மிசன் பாடசாலையில் சேர்ந்த பிள்ளைகளுக்கு அமெரிக்க நன்கொடையாளரின் பெயரைச் சூட்டுவது அக்கால வழக்கமாம்.

ஒரு நூலை மொழிபெயர்ப்பதைவிடச் சொற்களைத் தேடுவதுதான் கடினமாயிருந்திருக்கும். மனித உடலில் எலும்புகள் மட்டும் 206. தசை, நரம்பு, குருதிக்குழாய் என்று எடுத்தால் ஆயிரக்கணக்கான பெயர்கள் வேண்டும். கிறீன் ஓர் ஒழுங்கை வைத்துக்கொண்டார். தமிழில் சொல் இருந்தால் அதையே எடுப்பது. இல்லாவிட்டால் வடமொழியில் பார்ப்பது. அங்கும் இல்லாவிட்டால் ஆங்கிலச் சொல்லைத் தமிழின் ஓசைக்கேற்ப மாற்றிக்கொள்வது. கெமிஸ்தம் என்ற பெயர் அந்தக் கடைசி வழியில் பிறந்தது. பிறகு அந்தச் சொற்களையெல்லாம் ஆங்கிலமும் தமிழும் எதிரெதிராக நிற்கும் அருஞ்சொற்றொகுதிகளாகவும் வெளியிட்டார். தமிழில் படிக்கும் மாணவன் ஆங்கில நூலையும் தொட வேண்டிவரும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு மொழியில் படிப்பவன் மற்றதை விட்டுவிட வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு பாலம் போட்டுக் கொடுத்தார்.

1873இல் உடல்நலம் குன்றி யாழ்ப்பாணத்தைவிட்டு அவர் கடைசியாகப் போனார். போனபின்பும் வேலையை விடவில்லை. கையெழுத்துப் பிரதிகளும் அச்சுத்தாள்களும் வூஸ்ரருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே கப்பலில் போய்வந்துகொண்டிருந்தன. ஒரு திருத்தம் போய்ச்சேரவே மாதக்கணக்காகும். கெமிஸ்தமும் மனுஷ சுகரணமும் அவர் இலங்கையில் இல்லாத காலத்தில்தான் வெளிவந்தன.

கடைசி நூல் இந்துபதார்த்தசாரம். வாரிங் என்பவர் தொகுத்த இந்திய மருந்துநூலின் தமிழ் வடிவம் அது. நம் நாட்டு மூலிகைகளும் மேற்கத்தைய மருந்துகளும் பக்கம் பக்கமாக நிற்கும் நூல். வாரிங்கின் மூலநூலில் தாவரங்கள் குடும்பம் குடும்பமாகவே வகுக்கப்பட்டிருக்கின்றன. உடலைப் பகுத்துச் சொன்ன நூலில் தொடங்கிய கிறீனின் தமிழ்ப்பணி, செடிகொடிகளைப் பகுத்துச் சொல்லும் நூலோடு முடிந்தது. அந்நூல் வெளிவந்த 1884ஆம் ஆண்டிலேயே, மே 28ஆம் திகதி, தாம் பிறந்த கிறீன் ஹில்லில் அவர் காலமானார். 61 வயது. தமிழருக்கு வைத்தியப் பணி செய்தவர் என்பது தம் கல்லறையில் குறிக்கப்படவேண்டும் என்று விரும்பினார். அவ்வாறே குறிக்கப்பட்டது. வாழ்நாளில் ஏறத்தாழ இருபது வருடமே யாழ்ப்பாணத்தில் இருந்த ஒருவர், தம்மை அடையாளம் காட்டத் தேர்ந்த சொல் தமிழர் என்பதாக இருந்தது.

கிறீனிடம் படித்துத் தேறிய வைத்தியர்கள் 60க்கு மேல். ஆனால் அவர் தொடங்கியது தொடர்ந்ததா? இந்தக் கேள்வியை நான் ரீச்சரிடம் கேட்டேன். தொடரவில்லை. 1870இல் கொழும்பில் மருத்துவக் கல்லூரி தொடங்கியது, அங்கே மொழி ஆங்கிலம். அரசாங்கமும் ஆங்கிலத்தையே ஆதரித்தது. தமிழில் மேற்கத்தைய மருத்துவம் படிப்பிக்கும் வகுப்பு காலப்போக்கில் இல்லாமற்போனது. அவருடைய சொற்களும் பெரும்பாலும் மறைந்தன. அங்காதிபாதம் இன்று உடற்கூற்றியல். சுகரணம் உடற்றொழிலியல். கெமிஸ்தம் இரசாயனவியல். கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் பாடசாலை விஞ்ஞானம் தாய்மொழிக்கு வந்தபோது, அரசகரும மொழித் திணைக்களம் புதிதாகச் சொற்றொகுதிகளை ஆக்கியது. நாம் படிக்கும் சொற்கள் அந்த வழியில் வந்தவை. கிறீனின் நூல்கள் பழைய நூலகங்களில் தூங்குகின்றன. கவிஞர் அம்பி போன்ற ஒருசிலர் அவரைத் தேடி எடுத்து எழுதியிராவிட்டால், எங்கள் தலைமுறைக்கு அவர் பெயரே வந்து சேர்ந்திராது.

அப்படியானால் அவர் உழைப்பு வீண்தானா என்று கேட்டேன். ரீச்சர் சற்று யோசித்தார். பிறகு உம்மாவைக் காட்டினார். 14 வயதில் கொப்பியும் புத்தகமும் விட்டுவிட்டு வந்த பிள்ளை இன்றைக்கும் உயிரிகளின் இயல்புகளைச் சொல்லுகிறாள், அவை அவளுடைய பேச்சு மொழியில் இருந்ததால்தான் கூடவே வந்தன என்றார். ஆங்கிலத்தில் பாடமாக்கிய சொற்கள் அகதி முகாமில் எத்தனை நாள் நின்றிருக்கும் என்று அவர் கேட்டதற்கு உம்மா பதில் சொல்லவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தேநீர் ஊற்றப் போய்விட்டார். கிறீன் போட்ட சொல் அழிந்திருக்கலாம், தமிழில் இந்தப் பாடத்தைச் சொல்ல முடியும் என்று அவர் காட்டியது அழியவில்லை என்றார் ரீச்சர். அதன்பின் வந்தவர்கள் யாரும் முடியுமா என்று கேட்கத் தேவைப்படவில்லை. எப்படி என்று மட்டுமே கேட்டார்கள்.

கடைசி நாள் மாலையில் மூவரும் முச்சக்கர வண்டியில் மானிப்பாய் போனோம். வழியெல்லாம் புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் பண்படுத்திய செம்மண் தோட்டங்கள். கிறீன் ஞாபகார்த்த மருத்துவமனை வாசலில் இறங்கினோம். உம்மா பிறந்தது அந்த மருத்துவமனையில்தான். உம்மம்மா பலமுறை சொல்லி நான் கேட்டிருக்கிறேன், ஆனால் அந்தப் பெயரில் ஒரு மனிதரின் கதை இருக்கிறது என்று தெரியாது. தமிழில் பிரசவ வைத்தியம் எழுதியவரின் பெயரைத் தாங்கிய இடத்தில் பிறந்தவர் என் உம்மா. வாசலில் நின்று உம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். ரீச்சரும் நானும் எதுவும் பேசவில்லை.

தங்கையரே, நான் கொழும்புக்குப் போகவில்லை. நமது கல்லூரியிலேயே உயிரியல் பிரிவில் தமிழில் படிக்கிறேன். இதுதான் சரி என்று உங்களுக்குச் சொல்லமாட்டேன். மாமாவின் மகள் பட்ட பாடு பொய்யல்ல, மருத்துவ பீடத்தின் மொழி இன்றும் ஆங்கிலம்தான். ஆகவே கிறீன் செய்ததை என்னளவில் நானும் செய்கிறேன். கொப்பியின் ஒவ்வொரு பக்கத்திலும் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் ஆங்கிலச் சொல். இதுவரை நானூறு சொற்கள் சேர்ந்திருக்கின்றன. இரவில் நான் வலப்பக்கத்தை வாசிக்க, உம்மா இடப்பக்கத்தைச் சொல்லுவார். பல சொற்கள் அவருக்குப் புதியவை. ஆனால் விளக்கம் சொன்னதும் பிடித்துக்கொள்கிறார். தமிழ் அவருக்கு அந்தக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது.

உடுவிலிலிருந்து கொண்டுவந்த பனங்கொட்டையைப் புத்தளத்தில் எங்கள் வளவில் புதைத்தோம். மண்ணுக்கு மேலே இன்னும் ஒன்றும் தெரியவில்லை. பனை முதலில் கீழேதான் போகும் என்கிறார் உம்மா.